முதல்வண்டியின் மெய்ம்மை

தோற்றுவாய்

ஒரு பொருளைப் பழையதென்று சொல்லுதல் எளிது. பழையதென்று நிறுவுதல் அரிது. முத்துக்குளித்துறையை அடுத்து வாழும் நமக்கு இவ்வேறுபாடு புதியதன்று. இக்கரையின் முத்து மதிப்பாளர், விற்பவன் வாய்ச்சொல்லை நம்பி விலை கூறினாரல்லர். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 எனத் துளைகளின் தொகையால் வேறுபட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து அளவு பிரித்தனர். பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணிமுத்து முதல் தூள் ஈறாக வகுத்தனர். நிறையிட்ட பின்னரே விலையைப் பேசினர்.

1961ஆம் ஆண்டோடு இக்கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியின் உடலுள் சிறு மணியொன்றைப் பதித்து வளர்ப்புமுத்து உண்டாக்கிக் காட்டினர். வளர்ப்புமுத்தும் முத்தே, அதன் மேலுறை சிப்பி சுரந்ததே. ஆயினும் எக்ஸ் கதிர் கொண்டு நோக்கின், மனிதன் வைத்த மணி உள்ளே தோன்றும். அதனை வளர்ப்புமுத்தென்றே சொல்லி விற்பவன் நேர்மையான வணிகன். கடல் தானே ஈன்ற முத்தென்று விற்பவன் வஞ்சகன். பொருள் ஒன்றே, அதனைப்பற்றி உரைக்குஞ் சொல்லே மெய்யாகவும் பொய்யாகவும் ஆகின்றது.

இந்நீதி முத்துக்கு மட்டும் உரியதன்று. மனிதன் கையால் ஆகிய பொறிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுள் ஒன்றாகிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பழைய பொறியொன்றை மீட்டுச் செப்பனிடுதலும், அதன் மெய்ம்மையைத் தேர்தலும் எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மூலப்படி என்பது யாது?

வாணிபத்தின் பொருட்டுப் பலவாகச் செய்யத் தொடங்குமுன், தொழிற்சாலையார் தங் கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒன்றோ இரண்டோ செய்து ஓட்டிப் பார்ப்பர். அங்ஙனம் முதலிற் செய்யப்பட்டதனை மூலப்படி என்று வழங்குவோம். பின்வருவன யாவும் அதனின்று பிறந்தனவாதலின், வரலாறு அறிய விரும்புவார்க்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. ஆனால், மிக விரைவில் அழிந்துபோவதும் அதுவே. செய்தவர்கள் அதனை ஏணியின் ஒரு படியாகவே கருதினர். மேலேறிய பின் படியை யார் போற்றுவர்? ஓர் உறுப்பைக் கழற்றி அடுத்த வண்டியிற் பொருத்துவர். எஞ்சியதைப் பழைய இரும்பாக விற்பர். அன்றேல், மாற்றி மாற்றி அமைத்து முதல் உருவமே தெரியாதபடி ஆக்கிவிடுவர்.

மற்றொரு தொல்லையும் உண்டு. பலவாகச் செய்யப்பட்ட வண்டிக்கு வரிசையெண் உண்டு. அவ்வெண்ணைத் தொழிற்சாலையின் ஏட்டோடு ஒப்பிடலாம். உடன்பிறந்த வண்டிகள் பல இருத்தலின் உறுப்போடு உறுப்பையும் ஒப்பிடலாம். மூலப்படிக்கோ உடன்பிறப்பும் இல்லை. பெரும்பாலும் ஏட்டில் இடமும் இல்லை. ஆதலின், வஞ்சகர்க்கும் அதுவே வாய்ப்பான இடமாகின்றது. ஏனைய வண்டிகளோடு ஒவ்வாத ஒரு வண்டியைக் காட்டி, 'இது மூலப்படியாதலின் ஒவ்வாதிருக்கின்றது' என்பர். ஒவ்வாமையையே சான்றாக்கும் இவ்வாதத்தை எளிதில் ஏற்றல் கூடாது. ஒவ்வாமைக்குக் காரணம் முதற்சோதனையாகவும் இருக்கலாம். பிற்காலத்துப் பட்டறையாகவும் இருக்கலாம்.

1901ஆம் ஆண்டின் வண்டி

இதனை விளக்குதற்கு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய ஒன்றைக் காண்போம். ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரை அறியாதார் தமிழ்நாட்டிலே சிலரே. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் தோன்றிய அத்தொழில், 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூடிச் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவாக வேரூன்றியது. திருவொற்றியூரில், முதலில் அங்கிருந்து வந்த உறுப்புக்களை இணைத்தும், பின்னர் முழுவதும் இங்கேயே செய்தும் புல்லட் வண்டிகள் வெளிவந்தன. தாய்த்தொழிற்சாலை இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் சென்னைக் கிளை தழைத்தது. 1994ஆம் ஆண்டில் ஐஷர் குழுமத்தைச் சேர்ந்தது. வேர் பட்டுப்போகக் கிளையே மரமாய் நின்ற புதுமை இது.

இம்மரத்தின் வித்து 1901ஆம் ஆண்டில் ஊன்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் நடந்த ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் அந்நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளைக் காட்டியது. அதனை வகுத்தவர் ஜூல்ஸ் கோபியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவரோடு உழைத்தவர் தலைமைப் பொறியாளர் பாப் வாக்கர் ஸ்மித். மிதிவண்டியின் உருவமே பெரிதும் மாறாத அவ்வண்டியில், ஒன்றேமுக்காற் குதிரைத்திறனுள்ள இயந்திரம் முன்சக்கரத்திற்கு மேலே, கைப்பிடித் தண்டின் முன்னே பொருத்தப்பட்டிருந்தது.

இக்காலத்தார்க்கு இவ்வமைப்பு வியப்பாகத் தோன்றும். பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டளவில் செய்த வண்டியிலும் இயந்திரம் முன்சக்கரத்தின் மேலேயே இருந்தது; ஆனால், அஃது அம்முன்சக்கரத்தையே சுழற்றியது. அதனால், ஈரத்தரையில் வண்டி பக்கமாக வழுக்கி விழும் இயல்புடையதாயிற்று. கோபியே இயந்திரத்தின் இடத்தை மாற்றாமல், நீண்ட தோல்வார் ஒன்றினாற் பின்சக்கரத்தைச் சுழற்றும்படி செய்தார். இயந்திரத்தின் அடிப்பெட்டியை நெடுக்காகப் பிளவாது கிடையாகப் பிளந்து அமைத்தார். எண்ணெய் கசிந்து முன்சக்கரத்தின்மேல் வீழாதிருத்தற்பொருட்டென்க. எண்ணெய் இடுதலும் ஓட்டுவோன் கையிலேயே இருந்தது; சிறிது தூரம் சென்றபின் கைக்குழாயை ஒருமுறை அழுத்தி எண்ணெய் செலுத்துவான்; அது எரிந்து தீர்ந்தபின் மீண்டும் அழுத்துவான். வேகத்தைக் குறைத்தலும் கூட்டுதலும் புகைவாயிலின் அடைப்பைத் தூக்கியும் விடுத்தும் செய்யப்பட்டன. தொடங்குதற்கு மிதிகட்டையே துணை.

இத்தகைய வண்டியில் ஒன்றேனும் இன்று இல்லை. அதனைச் செய்தற்கு வரைந்த படங்களும் இல்லை. எஞ்சியவை சில நிழற்படங்களும், விளம்பரங்களும், 1901ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்ட செய்திகளுமே. நிறுவனத்தின் வரலாற்றாசிரியராகிய கார்டன் மே என்பாரின் தூண்டுதலால், நிறுவனத்தின் பொறியாளர் இச்சிறு சான்றுகளைக்கொண்டு அவ்வண்டியை மறுபடியும் உருவாக்க முற்பட்டனர். சட்டத்தை இங்கிலாந்தில் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் பட்டறையார் குழாய்களைப் பித்தளைப் பற்றிட்டு இணைத்துச் செய்தனர். எரிநெய்க்கலம் பித்தளைத் தகட்டை மடித்துக் கையாலே செய்யப்பட்டது. காற்றையும் எரிநெய்யையும் கலக்கும் கார்புரேட்டரும் பித்தளையிற் புதிதாகவே கடையப்பட்டது. விளக்கு, ஊதுகுழல், தோலிருக்கை, சக்கரங்கள் முதலிய சில, பழம்பொருள் சேர்ப்போரிடமிருந்து தேடிப் பெறப்பட்டன. இங்ஙனம் பிறந்த வண்டி ஓடவும் செய்தது. 'ப்ராஜெக்ட் ஒரிஜின்' என்னும் பெயரால் அம்முயற்சி 2022ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

ஈண்டு நாம் கருத்தூன்றி நோக்கவேண்டுவது ஒன்று. அவ்வண்டியை அவர்கள் '1901ஆம் ஆண்டு வண்டி' என்றாரல்லர்; அதனைப் போலச் செய்யப்பட்டு ஓடும் படி என்றே கூறினர். அவ்வொரு சொல்லால் அம்முயற்சி முழுவதும் தூய்மை பெற்றது. வளர்ப்புமுத்தை வளர்ப்புமுத்தென்றே கூறிய வணிகனின் நேர்மை இது.

படத்தினின்று பொறி

நிழற்படத்தைக் கொண்டு பொறியைச் செய்தல் கூடுமோ எனின், ஓரளவு கூடும். படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். ஒரு வண்டியின் சக்கரம் 26 அங்குலம் என்று பழைய விளம்பரம் கூறுவதாகவும், படத்தில் அச்சக்கரம் 52 மில்லிமீட்டர் குறுக்களவு உடையதாகவும் வைத்துக்கொள்வோம். படத்தின் ஒரு மில்லிமீட்டர் வண்டியின் அரை அங்குலமாகும். உருளை 9 மில்லிமீட்டர் உயரம் காணின், மெய்யான உயரம் நாலரை அங்குலம் என்று கொள்ளலாம். ஆயினும், படக்கருவிக்கு அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுமாதலின் இக்கணக்கிற் பிழை புகும். பல பக்கத்தினின்றும் எடுத்த படங்கள் இருப்பின் பிழை குறையும். ஒன்றே இருப்பின் மிகும்.

படம் காட்டாதவற்றை என் செய்வது? ஆங்குப் பொறிநூல் துணைசெய்யும். எண்ணெய் எவ்வழி செல்ல வேண்டும், வெப்பம் எவ்வழி நீங்க வேண்டும், வார் எத்துணை இறுக்கம் வேண்டும் என்பன காலத்தால் மாறுவன அல்ல. அக்காலத்து வேறு பொறிகளில் அதே உறுப்பு எவ்வாறு இருந்தது என்பதும் வழிகாட்டும். ஆனால், இவ்விருவழியாலும் பெறப்படுவது 'இருந்திருக்கலாம்' என்பதேயன்றி 'இருந்தது' என்பதன்று.

எஞ்சிய வண்டியைத் தேர்தல்

இனி, மெய்யாகவே ஒரு பழைய வண்டி கிடைக்கின்றது; அதனை அரிய மூலப்படி என்கின்றனர். அதனைத் தேரும் முறை யாது? சான்றுகளை நான்காக வகுத்துக் காண்போம்.

முதலாவது, எழுத்துச் சான்று. இயந்திரத்தின் எண், சட்டத்தின் எண், தொழிற்சாலையின் ஏடு, பதிவுப் புத்தகம், அக்காலத்துப் பத்திரிகை என்பன இவ்வகை. இங்கிலாந்தில் பழைய தொழிற்சாலைகள் பல மறைந்துபோயினும், அவற்றின் ஏடுகள் சிலவற்றை வண்டியுடையார் சங்கங்கள் காத்து வருகின்றன. 1930ஆம் ஆண்டு முதல் லண்டனிலிருந்து பிரைட்டன் செல்லும் முன்னோடி ஓட்டத்தில், 1914ஆம் ஆண்டு முடிவிற்குள் செய்யப்பட்டதென்று தேர்ந்து தெளிந்த வண்டிகளையே சேர்த்துக்கொள்வர்.

இரண்டாவது, கைமாறிய வரலாறு. யாரிடமிருந்து யாருக்கு, எவ்வாண்டில், என்ன விலைக்கு என்னுந் தொடர்ச்சி இடையறாது இருத்தல் வேண்டும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலைசெய்து பொருளீட்டி, அதனையே விலைக்கு வாங்கிக் கழற்றி ஆராய்ந்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாறு. அத்தகைய வண்டிக்குப் பெருமை தருவது இரும்பன்று. அவர் கைபட்டது என்னுந் தொடர்பே. அத்தொடர்பு அறுந்தால் அது பல ரட்ஜ் வண்டிகளுள் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது, செய்முறைச் சான்று. ஒவ்வொரு காலத்திற்கும் உரிய கைவேலை உண்டு. 1901ஆம் ஆண்டு வண்டியின் பளபளப்பு நிக்கல் பூச்சினாலாயது. குரோமியப் பூச்சு மோட்டார் சைக்கிள்களிற் பரவியது 1920களின் இறுதியிலேயே. அக்காலச் சட்டங்களில் குழாய்கள் மூட்டுக்களிற் பித்தளைப் பற்றால் இணைக்கப்பட்டன. மின்வெல்டிங் தழும்பு காணின் அது பின்னாளையது. தலையிற் சிலுவைப் பிளவுடைய திருகாணி 1930களில் வழக்கிற்கு வந்தது. அது முன்னைய வண்டியில் இருப்பின், வண்டி முழுவதும் பொய் என்பதற்கில்லை. அந்த ஆணி புதியது என்பது மட்டும் உறுதி. ஆராய்ச்சியாளன் அவசரப்படாது, ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனியே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

நான்காவது, உலோகத்தின் சான்று. எண்ணை அழித்துவிட்டு வேறெண் பொறித்தல் வஞ்சகர் வழக்கம். ஆனால், இரும்பு மறவாது. அச்சால் அடிக்கும்பொழுது எழுத்தின் அடியிலுள்ள உலோகம் நசுங்கி இறுகுகின்றது. மேற்பரப்பை அரத்தால் தேய்த்து எழுத்தை நீக்கினும், அவ்விறுக்கம் ஆழத்தில் நிற்கும். அவ்விடத்தை நன்கு மெருகிட்டுச் செம்புக் குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவின், இறுகிய பகுதி வேறுவகையாக அரிக்கப்பட்டு, மறைந்த எண் நிழல்போல் எழும். குற்றம் ஆராய்வோர் துப்பாக்கிகளின் எண்களை மீட்பதும் இம்முறையாலேயே.

உப்புக்காற்றும் செப்பனிடுதலும்

சான்றுகள் உலோகத்திலே உறைதலின், செப்பனிடுவோன் கையாலே அவை அழிதலும் கூடும். நம்மூரில் இவ்வாபத்து மிகப் பெரிது. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த தூத்துக்குடியில் இரும்பு துருப்பிடித்தல் அன்றாடக் காட்சி. உப்பிலுள்ள குளோரைடு துருவின் அடியிற் புகுந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்து, மேலே வண்ணம் பூசினும் உள்ளே அரித்துக்கொண்டேயிருக்கும். ஆதலின், துருவைச் சுரண்டுவதற்கு முன்னே உப்பை நீக்குதல் வேண்டும். உறுப்பை நன்னீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றுதல் எளிய வழி. சலவைச் சோடா கரைத்த நீரில் உறுப்பை எதிர்மின்வாயாகவும், வேறோர் இரும்புத்தகட்டை நேர்மின்வாயாகவும் அமைத்து, மெல்லிய மின்னோட்டம் செலுத்துதல் சிறந்த வழி. துரு தளர்ந்து நீங்கும், நல்லிரும்பு தேயாது.

மணலை விசையோடு வீசித் துருப்போக்கும் பட்டறைகள் பல உண்டு. வேலை விரைவில் முடியும். ஆனால், பொறித்த எண்ணின் விளிம்பும், பழைய வண்ணத்தின் அடுக்கும், அரத்தின் கீறலும் அதனோடு போய்விடும். பித்தளையைப் புளியிட்டுத் துலக்குதல் நம் இல்லங்களின் வழக்கம். குத்துவிளக்கிற்கு அது தகும். செய்தவன் பெயர் மெல்லப் பொறித்த பித்தளைத் தகட்டிற்குத் தகாது. ஆண்டுதோறும் துலக்கின், பெயர் ஒருநாள் புளியோடு போம். பழைய வண்ணம் ஒரு விரலகலம் எஞ்சியிருப்பினும் அதனைத் தொடாது விடுத்தல் நன்று. அவ்விரலகலமே வண்டி முழுவதும் முன்பு எந்நிறமாயிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

வெற்றிடத்தின் மதிப்பு

இல்லாத உறுப்பிற்குப் புதிய உறுப்புச் செய்யலாமோ எனின், செய்யலாம். செய்ததை மறைத்தலே குற்றம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் வற்புறுத்துவதும் இதுவே. இயன்றவரை உள்ளதைக் காத்தல், இன்றியமையாதவிடத்தே மாற்றுதல், மாற்றியதை அடையாளமிட்டுப் பதிந்து வைத்தல் என்பன அதன் சாரம்.

இந்நெறியை மேனாட்டாரிடமிருந்துதான் நாம் கற்கவேண்டும் என்பதில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டபொழுது, ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்கள் சிதைந்து கிடந்தன. தமிழ்ப் புலமையில் அவருக்குக் குறைவுண்டோ? விரும்பின், அவ்விடங்களைத் தாமே செய்யுள் இயற்றி நிரப்பியிருத்தல் கூடும், ஒருவரும் அறியார். அவரோ இல்லாததை இல்லாததாகவே விடுத்தார். நூல் குறையுற்று நின்றது. ஆயினும் நம்பத்தக்கதாய் நின்றது. ஏட்டிற்கு அவர் செய்த நீதியைப் பொறிக்குச் செய்தலே செப்பனிடுவோன் கடமை. பழைய வண்டியில் பொய்யுறுப்பொன்றை மறைவாகச் சேர்ப்பவன், பழம்பாட்டில் தன் அடியைச் செருகுவோனுக்கு ஒப்பாவான். ஏனைய மெய்யுறுப்புக்களையும் அவன் ஐயத்திற்கு உரியனவாக்கிவிடுகின்றான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு முதற்பொருள் மறைந்தபின் அதனை மீட்கவல்லது யாது என்பது விளங்கும். 1901ஆம் ஆண்டின் வண்டி மறுபடியும் ஓடியதற்குக் காரணம், அன்றொருவர் படமெடுத்ததும், மற்றொருவர் பத்திரிகையில் உறுப்புறுப்பாக விளக்கி எழுதியதுமே. அவர்கள் வரலாற்றிற்கென்று எழுதினாரல்லர்; அன்றைய வாசகர்க்கென்று எழுதினர். அச்சில தாள்களே பிற்காலத்தில் இரும்பினும் வலிமையுடையன ஆயின.

நம் கரையில் நிலை என்ன? 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் காலியா, லாவோ என்னும் கப்பல்களை இன்று நாம் காண இயலாது. அவற்றின் பெயரை நாம் பெருமையோடு சொல்லுகின்றோம். அவற்றின் நீளமும் அகலமும் நம்முள் எத்தனை பேர் அறிவோம்? முத்துக்குளிப்போர் காலிற் கோத்து மூழ்கிய கல்லின் நிறையும், கயிற்றின் முடிச்சும், சிப்பிக்கூடையின் பின்னலும் 1961ஆம் ஆண்டோடு பயனிழந்தன. அவற்றைக் கையாண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நம் துறைமுகத்துத் தோணிகளையோ, மூத்த தச்சர் காகிதத்தில் வரைந்த படமின்றிக் கண்ணளவாலும் கைப்பழக்கத்தாலும் கட்டி வந்தனர். அக்கண்ணும் கையும் மறையின், பின்வருவார் எதனைக் கொண்டு அத்தோணியை மீட்பர்?

இயற்கைநூலும் பொறிநூலும் வரலாறும் பயிலும் மாணவர்க்கு இதனினும் தக்க வேலை வேறு யாதுளது? அளவுகோலும் குறிப்புப் புத்தகமும் படக்கருவியுமே போதும். ஒரு தோணியின் விலாக்கட்டைகளை எண்ணி அளந்து எழுதுக. ஒரு பட்டறையில் நிற்கும் பழைய இயந்திரத்தின் எண்ணைத் துலக்காது படமெடுத்துக்கொள்க. அதனைச் செய்தவர், வாங்கியவர், பழுதுபார்த்தவர் பெயர்களைக் கேட்டு நாளிட்டுக் குறிக்க. அறிந்ததை அறிந்ததென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், கருதியதைக் கருதியதென்றும் வேறு வேறாக எழுதுக. அங்ஙனம் எழுதிய தாள் நூறாண்டுகட்குப் பின் ஒருவன் கையிற் கிடைக்குமாயின், அவன் செய்யும் படியும் பொய்யென்று இகழப்படாது, மெய்யை அறிவிக்கும் பொருளாய் விளங்கும்.